பினாங்குக் கழிமுகத்தில் மீனும் கொக்கும்: கன உலோகத்தை எங்கே, எப்படித் தேடுவது?

"கொக்கு வருது, மீன் துள்ளுது, அப்புறம் என்ன விஷம்?" ஜூரு, பிறை ஆறுகளின் முகத்துவாரத்தில் தூண்டில் போடுகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இந்த வாதம் வந்துவிடும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கன உலோகத்தின் வழி வேறு. சாக்கடைக் கழிவு மிஞ்சினால் தண்ணீரில் பிராணவாயு குறையும், மீன் செத்து மிதக்கும், நாற்றம் ஊரைக் கூட்டும். பாதரசமும் காட்மியமும் காரீயமும் சத்தம் போடுவதில்லை. சேற்றில் இறங்கும், புழுவுக்குள் போகும், மீனுக்குள் போகும், பிறகு கொக்கின் இறகிலும் நம் தட்டிலும் வந்து சேரும். செத்த மீனை யாரும் வாங்கப் போவதில்லை. சாகாமல் கொழுத்திருக்கும் மீனைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பினாங்கில் மீன் வாங்கிச் சமைக்கிறவர், வார இறுதியில் தூண்டிலோடு கிளம்புகிறவர், தெலுக் ஆயர் தாவார் கரைக்குப் பறவை பார்க்கப் போகிறவர், பள்ளியிலோ பல்கலைக்கழகத்திலோ ஆய்வுத் திட்டம் எடுத்திருக்கிற மாணவர் என்று நாலு தரப்பையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். உங்களுக்கு வேண்டாத படியைத் தாண்டிப் போகலாம். எண்களைப் படிக்கும் படியை மட்டும் தாண்டாதீர்கள்.

படி 1: ஆற்றுக்குக் கிடைத்த மதிப்பெண்ணை ஓரமாக வையுங்கள்

மலேசியச் சுற்றுச்சூழல் துறை ஆறுகளுக்கு நீர்த்தரக் குறியீடு ஒன்றைக் கணக்கிடுகிறது. "இந்த ஆறு மூன்றாம் வகுப்பிலிருந்து இரண்டாம் வகுப்புக்கு உயர்ந்தது" என்று நாளிதழில் வருவது பெரும்பாலும் இதை வைத்துத்தான். அந்தக் குறியீட்டுக்குள் இருப்பவை ஆறே அளவுகள்: கரைந்திருக்கும் பிராணவாயு, உயிரியல் ஆக்சிஜன் தேவை, வேதியியல் ஆக்சிஜன் தேவை, அம்மோனியா நைட்ரஜன், கலங்கலாகத் திரியும் துகள்கள், அமில-காரத் தன்மை. உலோகம் ஒன்றுகூட இல்லை. உலோகங்களுக்குத் தனியாக வரம்புகள் உண்டு, ஆனால் அவை இந்த மதிப்பெண்ணில் சேர்வதில்லை. ஆகவே யாராவது "ஆறு சுத்தமாயிடுச்சு" என்றால், எது சுத்தமானது என்று திருப்பிக் கேட்கலாம்.

இன்னொரு சங்கதியும் உண்டு. 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் 2009-இல் தொழிற்சாலைக் கழிவுநீர் விதிகள் வந்தன. குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேல்புறம் இருக்கும் ஆலைகளுக்கு 'ஏ' தரம், மற்றவற்றுக்கு 'பி' தரம். பாதரசத்துக்கு 'ஏ' தரத்தில் லிட்டருக்கு 0.005 மில்லிகிராம்; 'பி' தரத்தில் 0.05. பத்து மடங்கு. காரீயத்துக்கு 0.10, 0.5. மனிதன் குடிக்கும் தண்ணீருக்குக் காவல் கடுமை. கழிமுகத்துக்குக் கொஞ்சம் தளர்வு. அதோடு இந்த வரம்பு லிட்டர் கணக்கு. ஓர் ஆலை விதியை மீறாமலே வருடக்கணக்கில் விட்டுக்கொண்டிருந்தால், கீழே சேற்றில் மொத்தம் எவ்வளவு சேர்ந்தது என்ற கேள்விக்கு அந்த வரம்பில் பதில் கிடையாது.

படி 2: எங்கிருந்து வருகிறது என்று ஒரு வரைபடம் போடுங்கள்

ஒரு தாளை எடுத்து உங்கள் கரைக்கு மேலே என்னென்ன இருக்கிறது என்று குறியுங்கள். பினாங்கில் இது கடினமான வேலையில்லை. தீவுப் பக்கம் 1972-இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக வட்டாரம். மின்னணு வேலையில் செம்பு, நிக்கல், காரீயப் பற்று எல்லாம் புழங்கும். எதிர்க்கரையில் பிறைத் தொழிற்பேட்டை. அதன் கழிவால் தங்கள் வலை காலியாகிறது என்று குவாலா ஜூரு மீனவர்கள் 1970-களிலேயே குரல் கொடுத்தார்கள். தெற்கே நிபோங் தெபால் பக்கம் பூலாவ் புரோங் குப்பைக்கிடங்கு, தீவில் ஜெலுத்தோங் கிடங்கு. இரண்டும் கடலோரத்தில்தான். பழைய பேட்டரி, உடைந்த விளக்கு, மின்னணுக் குப்பை எல்லாம் மழையில் ஊறி வடியும் இடங்கள் அவை.

பெரிய ஆலைகளோடு நின்றுவிடாதீர்கள். கார் பட்டறையின் பின்பக்க லோங்காங் எனும் சாக்கடை வாய்க்கால், படகின் அடியில் பூசும் செம்புச் சாயம், செம்பும் துத்தநாகமும் சேர்த்த தீவனம் தின்னும் பன்றிப் பண்ணையின் கழிவு, டயரும் பிரேக்கும் தேய்ந்து விழும் சாலைத்தூசி. ஒவ்வொன்றும் சின்னது, ஆனால் எண்ணிக்கையில் பெரியது.

படி 3: தண்ணீரை விடுங்கள், சேற்றைப் பாருங்கள்

ஆய்வுத் திட்டம் எடுக்கும் மாணவர்கள் நேராகப் போய் ஒரு புட்டியில் ஆற்றுத்தண்ணீர் பிடித்து வருவார்கள். ஆய்வகத்தில் "கண்டறிய முடியாத அளவு" என்று வரும். உடனே ஆறு நல்ல ஆறு என்று முடிவு எழுதிவிடுவார்கள். தண்ணீர் அந்த நிமிடத்தின் கதையை மட்டும் சொல்லும். அலை ஏறினால் ஒன்று, இறங்கினால் ஒன்று, மழை பெய்தால் வேறொன்று. உலோகம் நுண்ணிய களிமண் துகளில் ஒட்டிக்கொண்டு அடியில் படிவதால், கழிமுகத்தில் கணக்குப் புத்தகம் என்றால் அது சேறுதான்.

அலை இறங்கிய நேரத்தில் சதுப்புக் காட்டின் ஓரம் ஒரு குச்சியைச் செருகி எடுத்துப் பாருங்கள். மேலே விரல் கனத்துக்குப் பழுப்பு. அதற்குக் கீழே மை போலக் கறுப்பு, அழுகிய முட்டை வாடை. அந்தக் கறுப்பு நிறம் இரும்புச் சல்ஃபைடு. வாடை ஹைட்ரஜன் சல்ஃபைடு. பிராணவாயு எட்டாத அந்த அடுக்கில்தான் விஷயம் இருக்கிறது. அங்கே சல்ஃபேட்டை வைத்துப் பிழைக்கும் நுண்ணுயிரிகள், சாதாரணப் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. சாதாரணப் பாதரசம் உடம்பில் அவ்வளவாக ஒட்டாது. மெத்தில் பாதரசம் புரதத்தோடு கைகோத்துக்கொண்டு தசையில் தங்கும், மூளைக்கும் போகும், கருவில் இருக்கும் குழந்தையையும் எட்டும். ஜப்பானின் மினமாட்டா ஊரில் ஆலைக்கழிவில் வந்த மெத்தில் பாதரசம் மீன் வழியாக மனிதரைத் தாக்கியது 1956-இல் அதிகாரபூர்வமாகப் பதிவானது. அங்கே ஆலையே மெத்தில் பாதரசத்தைக் கொட்டியது. இங்கே சேறு அதைத் தானாகவே சமைக்கும். அளவு குறைவு, வழி அதே.

அதே சல்ஃபைடு காட்மியத்தையும் காரீயத்தையும் இறுகப் பிடித்துவைத்து ஓரளவு நன்மையும் செய்கிறது. சேற்றைக் கிளறாதவரை. ஆழப்படுத்துவதற்கோ நிலம் மீட்பதற்கோ தோண்டும்போது கறுப்பு அடுக்கு காற்றைப் பார்க்கிறது, பிடி தளர்கிறது. அந்த மாதிரி வேலை நடக்கும் கரையில் முன்னும் பின்னும் சேறு சோதித்தார்களா என்று கேட்பது உங்கள் உரிமை.

மாதிரி எடுக்க: மேலிருந்து சுமார் ஐந்து சென்டிமீட்டர் ஆழம்வரை, பிளாஸ்டிக் கரண்டியால், ஒரே இடத்தில் மூன்று நான்கு தடவை எடுத்துக் கலக்குங்கள். ஒப்பிட்டுப் பார்க்கக் கனடாவின் கடற்சேற்று வழிகாட்டு அளவைப் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். காரீயம் கிலோவுக்கு 30.2 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் உயிர்களுக்குப் பாதிப்பு அரிது. 112-க்கு மேலே என்றால் அடிக்கடி பாதிப்பு.

படி 4: எந்த மீன், மீனில் எந்தப் பாகம்

எல்லா உலோகமும் ஒரே மாதிரி ஏறுவதில்லை. மெத்தில் பாதரசம் மட்டும் உணவுச் சங்கிலியில் மேலே போகப் போகக் கூடிக்கொண்டே போகும். வேட்டையாடும் பெரிய மீனின் தசையில் அது தண்ணீரில் இருப்பதைவிடப் பத்து லட்சம் மடங்குக்கு மேலும் இருக்கலாம். காரீயமும் காட்மியமும் அப்படியல்ல. சங்கிலியின் அடித்தட்டில், சேற்றோடு புரளும் சிப்பியிலும் புழுவிலும் கூடுதலாக இருந்து, மேலே போகப் பெரும்பாலும் குறைந்துவிடும். ஆக "பெரிய மீன் ஆபத்து" என்பது பாதரசத்துக்குச் சரி. காட்மியத்துக்குக் கெராங் எனும் சேற்றுச் சிப்பியைப் பார்க்க வேண்டும்.

ஒரு கெளுத்தியை அறுக்கும்போது கவனியுங்கள். செவுளில் சாம்பல் நிறக் கொழகொழப்பு. தண்ணீரில் உள்ள உலோகம் முதலில் தொடும் இடம் அது. குடலைக் கீறினால் சேறும் நண்டு ஓட்டுத் துணுக்கும். ஈரல் செம்பு, காட்மியத்தின் கிடங்கு, சிறுநீரகம் காட்மியத்துக்கு. காரீயம் எலும்பிலும் செதிலிலும் சேரும். சதையில் இருப்பது முக்கியமாகப் பாதரசம். இதனால்தான் "மீனில் காட்மியம் அதிகம்" என்று ஓர் அறிக்கை சொன்னால், ஈரலிலா சதையிலா என்று முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது. நாம் கெளுத்தி ஈரலைக் கறி வைப்பதில்லை. கொக்கு மீனை முழுசாக விழுங்குகிறது.

மாணவர்களுக்கு ஒரு சொல்: ஜூருவில் பிடித்த ஒரு சாண் மடவையையும் வேறு ஊரில் பிடித்த ஒரு முழக் கொடுவாவையும் ஒப்பிடாதீர்கள். மீன் வயதாக ஆகப் பாதரசம் கூடும். ஒரே இனம், கிட்டத்தட்ட ஒரே நீளம், இடத்துக்குப் பத்துப் பதினைந்தாவது வேண்டும். நீளமும் எடையும் எழுதாத மாதிரி குப்பைக்குச் சமம்.

படி 5: பறவையிடம் கேட்பது எப்படி

செபராங் பிறை வடக்கில் தெலுக் ஆயர் தாவாரிலிருந்து குவாலா மூடா வரையுள்ள சேற்றுக்கரை, வலசைப் பறவைகளுக்கு நாட்டின் முக்கியமான இளைப்பாறும் இடங்களில் ஒன்று. உலக அளவில் அருகிவரும் நார்ட்மன் பச்சைக்காலியும் இங்கே வந்துபோகிறது. உள்ளான்கள் சேற்றில் அலகைச் செருகிப் புழு எடுக்க, கொக்கும் நாரையும் மீனுக்குக் காத்து நிற்கும். சேற்றில் உள்ளது எதுவானாலும் இவற்றுக்குத்தான் முதலில் பரிமாறப்படுகிறது.

பறவையைக் கொல்லாமல் பார்க்க இறகு உதவும். இறகு வளரும்போது இரத்த ஓட்டம் அதற்குள் போகிறது. பாதரசம் இறகின் கெரட்டின் புரதத்தில் ஒட்டிக்கொள்கிறது. வளர்ந்து முடிந்ததும் ஓட்டம் நின்றுவிடும், கணக்கு பூட்டப்படும். பறவையின் உடம்பில் உள்ள பாதரசத்தில் பெரும்பங்கு இறகுக்குத்தான் போகிறது, இறகு உதிர்ப்பது அதற்கு ஒரு கழிவு வழி. பெண் பறவைக்கு இன்னொரு வழி முட்டை. குஞ்சு பொரிப்பது குறைவது, அடைகாப்பதில் அக்கறை போவது எல்லாம் அந்த வழியில்தான் தொடங்குகின்றன. இறகில் கிராமுக்கு 5 மைக்ரோகிராம் பாதரசம் என்பதை இனப்பெருக்கப் பாதிப்பு தொடங்கக்கூடிய அளவாக ஆய்வாளர்கள் வெகுகாலமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

இதில் ஒரு கண்ணி உண்டு. வலசை வந்த உள்ளானின் சிறகு சைபீரியாவில் முளைத்திருக்கலாம். அதைச் சோதித்துவிட்டுப் பினாங்குச் சேற்றைக் குறை சொல்ல முடியாது. இங்கேயே கூடு கட்டும் வக்கா எனும் கொக்கினப் பறவையின் குஞ்சு இறகுதான் இந்தக் கரையைப் பற்றிப் பேசும், ஏனென்றால் அது தின்றதெல்லாம் சுற்றுவட்டார மீன்.

ஆனால் நீங்களாகக் கிளம்பி இறகு பொறுக்காதீர்கள். 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட பறவையின் பாகத்தை வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் அனுமதி வாங்கிய பல்கலைக்கழகக் குழுவோடு சேருங்கள். செத்த பறவையைக் கையால் தொடவே வேண்டாம், பறவைக் காய்ச்சல் இருக்கலாம். படம் எடுத்து, இடம் குறித்து, துறைக்குச் சொன்னால் போதும். உங்களால் முடிகிற வேலை வேறு இருக்கிறது: எந்தப் பறவை எந்தக் குழாய் வாயில் எத்தனை மணிக்கு மேய்கிறது என்ற குறிப்பு. ஆய்வாளர்கள் கேட்டு வாங்கும் தகவல் அது.

தூண்டில் போடுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. பாத்து லாடோங் எனும் காரீயக் குண்டை அறுந்த நரம்போடு சேற்றில் விட்டு வராதீர்கள். பறவை அதைக் கல் என்று நினைத்து விழுங்கினால், இரைப்பையில் அரைபட்டு நேராக இரத்தத்துக்குப் போகும். பிரிட்டனில் அன்னங்கள் இப்படிச் சாவதைப் பார்த்து, 1987-இல் சிறிய காரீயக் குண்டுகளைத் தடை செய்தார்கள்.

படி 6: ஆய்வகத்துக்கு அனுப்புவது

துருப்பிடிக்காத எஃகுக் கத்தியில் குரோமியம் இருக்கும், பலவற்றில் நிக்கலும் இருக்கும். அந்த இரண்டையும் அளக்கப் போகிறீர்கள் என்றால் பீங்கான் அல்லது பிளாஸ்டிக் கத்தி எடுங்கள். முதுகுத் துடுப்புக்குக் கீழே, தோல் நீக்கிய சதை. புதிய பிளாஸ்டிக் பை, பெயர்ச்சீட்டு, உறைபெட்டி. ஆய்வகத்தில் நைட்ரிக் அமிலத்தில் கரைத்து நிறமாலைக் கருவியில் அளப்பார்கள். ஆய்வகங்களுக்கான ஐஎஸ்ஓ 17025 தரச்சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். அளவு தெரிந்த சான்று மாதிரி ஒன்றை உங்கள் மாதிரியோடு ஓட்டினார்களா என்றும் கேளுங்கள். அது இல்லாத அறிக்கைக்குப் பணம் கட்டுவது வீண்.

படி 7: எண்களைப் படிப்பது

இங்கேதான் செய்திகள் பெரும்பாலும் சறுக்குகின்றன. ஆய்வுக் கட்டுரைகளில் பல எண்கள் உலர் எடைக்குத் தரப்பட்டவை: மீனைக் காயவைத்துப் பொடியாக்கிய பிறகு கிலோவுக்கு எவ்வளவு என்று. உணவு வரம்புகள் ஈர எடைக்கு. மீன் சதையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். உலர் எடையில் 1.0 மில்லிகிராம் என்றால், ஈர எடையில் அது 0.2 முதல் 0.25 வரைதான். இரண்டையும் கலந்து "வரம்பைவிட மூன்று மடங்கு" என்று தலைப்புப் போட்டால் ஊரே மீனை விட்டுவிடும். ஆதலால் முதலில் தேடவேண்டிய சொல் உலரா, ஈரமா.

அடுத்தது ஆர்செனிக். கடல் மீனில் மொத்த ஆர்செனிக் அதிகமாகவே இருக்கும். பெரும்பகுதி அவ்வளவு நஞ்சில்லாத கரிம வடிவம். கனிம ஆர்செனிக் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாத எண்ணை வைத்துப் பயப்பட வேண்டாம்.

வரம்புகள்: மலேசியாவுக்கு 1985-ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின் பதினான்காவது அட்டவணையைத் திருத்தங்களோடு பாருங்கள். ஒப்பீட்டுக்கு, மீன் சதையில் காரீயத்துக்குப் பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் வரம்பு கிலோவுக்கு 0.3 மில்லிகிராம். சிப்பிகளுக்கு ஐரோப்பிய வரம்பு 1.5.

வரம்புக்குள் இருந்தால் போதுமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மெத்தில் பாதரசத்துக்கு உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் அமைத்த நிபுணர் குழு தரும் அளவு, உடல் எடை கிலோவுக்கு வாரம் 1.6 மைக்ரோகிராம். 60 கிலோ பெண்ணுக்கு வாரம் 96. கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் உள்ள மீன் என்றால் வாரம் 480 கிராம் சாப்பிடலாம், பிரச்சினை இல்லை. 0.5 உள்ள மீன் என்றால் 192 கிராமிலேயே முடிந்தது. ஒரு தட்டு மீன்கறி, அவ்வளவுதான். 20 கிலோ குழந்தைக்கு 0.2 மீனே வாரம் 160 கிராம்தான். ஆக, எவ்வளவு சாப்பிடுகிறோம், யார் சாப்பிடுகிறார்கள் என்பதைச் சேர்க்காமல் வெறும் வரம்பை வைத்துக்கொண்டு சண்டை போடுவதில் பயனில்லை.

படி 8: அடுப்படி

மஞ்சள், உப்பு, புளி எதுவும் உலோகத்தை எடுக்காது. பொரித்தாலும் போகாது, தண்ணீர் வற்றி, கிராமுக்குக் கொஞ்சம் கூடவே ஆகும். கருவாட்டுக்கும் அதே கணக்கு. கெராங்கை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் மண் போகும், காட்மியம் போகாது. உதவுகிற காரியங்கள் வேறு: செவுள், குடல், ஈரலை முழுசாக எடுத்துவிடுவது, நண்டின் மஞ்சளையும் இறால் தலையையும் தினசரிப் பழக்கமாக்காமல் இருப்பது. இறால் தலைச்சாறு இல்லாமல் பினாங்கு ஹொக்கியன் மீ கிடையாது என்பது தெரியும். எப்போதாவது ஒரு கிண்ணத்துக்கு யாரும் மூக்கைச் சுளிக்க வேண்டாம்.

மீனை நிறுத்தச் சொல்லவில்லை. கெம்போங், நெத்திலி, மத்தி மாதிரி சின்ன மீன் குறைந்த நாள் வாழ்வதால் பாதரசம் குறைவு, சத்தும் உண்டு. நம் வீடுகளில் கவனம் தேவைப்படுவது சுறாவில். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறாப் புட்டு என்று அத்தையும் பாட்டியும் ஆசையோடு செய்வார்கள். சுறா சங்கிலியின் உச்சியில் இருக்கிற மீன். குட்டிச் சுறாவில் பெரியதைவிடக் குறைவுதான், ஆனாலும் கர்ப்ப காலத்திலும் பால் கொடுக்கும் மாதங்களிலும் சுறாவைத் தள்ளிவைத்துக் கெம்போங்கையே புட்டாக்கலாம். பூண்டும் மிளகும் அதே ருசியைத் தரும், பாட்டியும் கோபிக்கமாட்டார். பெரிய தெங்கிரியும் (வஞ்சிரம்) மாதத்தில் ஓரிரு தடவையோடு நிற்கட்டும்.

சந்தையில் கேட்கும் கேள்வியையும் மாற்றுங்கள். "அண்ணே, இந்தக் கெளுத்தி எந்தப் பக்கத்து மீன்?" என்றால் "கடல் மீன்தான் தங்கச்சி" என்று பதில் வரும். அதில் ஒன்றும் தெரியாது. "படகு எங்கே கரை சேருது? வலையா, கூண்டா?" என்று கேளுங்கள். பதில் தெரிந்தவர் உடனே சொல்லுவார். தொழிற்பேட்டைக்குக் கீழே ஆற்றிலும் லோங்காங்கிலும் பிடித்த திலாப்பியா, கெலிக் கெளுத்தி இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

படி 9: புகார்

ஆற்றில் நிறம் மாறியதையோ குழாயில் எதுவோ வடிவதையோ பார்த்தால் சுற்றுச்சூழல் துறைக்குச் சொல்லுங்கள். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்திடம் தமிழிலேயே பேசலாம். "ஆறு நாறுது" என்று மட்டும் எழுதினால் அது ஒரு மூலையில் கிடக்கும். தேதி, மணி, அலை ஏறியதா இறங்கியதா, எந்த லோங்காங், எந்தப் பாலத்துக்கு மேலா கீழா, படம், இருப்பிடக் குறி எல்லாம் சேருங்கள். கழிவு இரவிலோ மழையிலோ விடப்படுவது உங்களுக்குத் தெரிந்தால் அதையும் எழுதுங்கள். அதிகாரிகள் வருவதற்குள் தண்ணீர் கடலுக்குப் போயிருக்கும், "சோதித்தோம், சரியாக இருக்கிறது" என்ற கடிதமும் வரலாம். குழாய் வாய்க்கு நேர் கீழே உள்ள சேறு அங்கேயேதான் கிடக்கும். புகாரின் முதல் வரியிலேயே அந்தச் சேற்றையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒப்பிடுவதற்குக் குழாய்க்கு மேல்புறத்திலிருந்து இன்னொரு மாதிரியும் எடுக்கச் சொல்லுங்கள்.